பதினோரு இடத்தில் 'நான்'

போன மாதம் நசீமா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில் முப்பத்தோரு வருடம் நான் தேய்த்த நாற்காலி அது. சக்கரம் ஒன்று ஓடாது. அதுவும் என் கைங்கரியம்தான்.

"சார், பழைய ஃபைல் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணச் சொல்லியிருக்காங்க. பண்ணிட்டுத் தாளைக் கிழிச்சுப் போட்டுடணுமாம். ஒரு தாள்ல உங்க கையெழுத்து. பதினோரு இடத்துல 'நான்', 'நான்'னு எழுதியிருக்கீங்க. இதை எந்த ஃபோல்டர்ல போடறது?"

"தற்பெருமைன்னு ஒரு ஃபோல்டர் திறம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது பழக்கம். ஆனால் அந்தத் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் அது என்னவென்று தெரிந்துகொண்டு கிழிக்கட்டும். அதற்காகத்தான் இந்த நாலு பக்கம்.

நான் நீடாமங்கலத்துக்காரன். இயற்பியல் படித்தேன். பேங்க் பரீட்சையில் மூன்று தடவை தோற்றேன். நான்காவது தடவையும் தோற்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு சென்னைக்குப் போய் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். மண்டையை அளக்கவும் வயர் ஒட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மிச்சத்தைச் சொன்னால் சான்றிதழைத் திருப்பிக் கேட்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெரியவருக்கு நெற்றிப் பக்கத்து வயர்களைப் பின்னாலும் பிடரிப் பக்கத்து வயர்களை முன்னாலும் செருகிவிட்டேன். கண் சிமிட்டினால் அந்தத் துள்ளல் நெற்றி வயர்களில் விழவேண்டும். அந்தப் பெரியவருக்கு அது பின்மண்டையில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் நரம்பியல் டாக்டர் தாளை இரண்டு பக்கம் புரட்டினார். பெயர் வேண்டாம், அந்தக் கட்டடத்தில் மேடம் என்றால் அவர் ஒருவர்தான். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கோவிந்தராஜு, இவரு பிடரியால பாக்கிறாரா?"

மேடம் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அதற்குப் பிறகு முப்பது வருடம் நான் வயரைச் செருகுவதற்கு முன் ஒரு தடவை என் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

மேடம் எதையும் நின்றுகொண்டுதான் படிப்பார். கையில் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். அலைகளைப் பார்ப்பதற்கு முன்னால் எப்போதும் ஒரே கேள்வி: "நீங்க என்ன பாத்தீங்க?" அதற்காகவே ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார். பார்வைத் தாள் என்று பெயர். அதில் மூன்று கட்டம். எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, யாரால். நோயாளி தானாகச் செய்தது என்றால் 'நோ' என்று எழுதவேண்டும். நான் வயரைத் தொட்டதாலோ, பேச்சுக் கொடுத்ததாலோ நடந்தது என்றால் 'நான்'. 'நான்' என்று இருக்கும் இடங்களை மேடம் தள்ளிவிட்டுப் படிப்பார். என்னால் வந்த கோளாறுக்கு நோயாளி மாத்திரை சாப்பிடக்கூடாது அல்லவா.

கம்ப்யூட்டர் இ.இ.ஜி. வந்தபோது, இனி அந்தத் தாள் வேண்டாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மெஷின் மூளையைப் பாக்கும். நீங்க பிள்ளையைப் பாருங்க," என்றார். தாள் நீடித்தது.

இனி என் வேலை. எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதென்றால் தலை நிறைய எண்ணெய் வைத்துப் படியச் சீவித்தான் கூட்டிவருவார்கள். எண்ணெய்த் தலையில் எங்கள் வயர் ஒட்டாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. ஷாம்பு பாக்கெட்டைச் சரமாக ஜன்னலில் தொங்கவிட்டிருப்பேன். முதலில் தலைக்குக் குளியல். பிறகு மூக்கின் மேட்டிலிருந்து பிடரி எலும்பு வரை டேப் வைத்து அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தோசை மாவு மாதிரி ஒரு பசையைத் தடவி, சின்னக் கிண்ணி போன்ற முனைகளை ஒட்டவேண்டும். மொத்தம் இருபத்தொன்று. பிள்ளை அதுவரை அசையாமல் இருக்கவேண்டும். எந்தப் பிள்ளை இருக்கும்?

அதற்குத்தான் ஜோக். டேப்பை மூக்கில் வைப்பேன். "ஐயய்யோ, மூக்கைக் காணோமே, இங்கதானே வச்சேன்" என்று மேஜைக்கு அடியில் தேடுவேன். வயரைக் காதில் வைத்து, மூக்கு காணாமல் போனதாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போடுவேன். வருபவர்களில் பெரும்பாலோர் அழுவார்கள். சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஓரிருவர் என் சட்டையை நனைப்பார்கள். நான் மனம் தளரவில்லை.

அப்படி இருந்தபோதுதான் கவின் வந்தான்.

கோடியக்கரைப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். அப்பா வேலு கடலுக்குப் போகிறவர். அம்மா செல்விக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். விடிவதற்கு முன்னால் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தாள். பையனுக்கு இரண்டரை வயது. ஒரு மாதமாக வலிப்பு. பேச்சு வரவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கயிற்றின் மேல் நடப்பவன் மாதிரி தத்தித் தத்தி நடந்தான்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. கேட்டேன். "சொந்தத்துல கட்டினதா?"

"எங்க அத்தை மவன்தான் சார்."

ஆம் என்று டிக் போட்டேன். போட்டுவிட்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "ச்சு" என்றேன். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அதை மறந்துவிட்டேன்.

குழாயடியில் கவின் சிரித்தான். தண்ணீரை விட்டு வர மறுத்தான். கடற்கரைப் பிள்ளை, இருக்காதா என்று நினைத்தேன். டேப்பை மூக்கில் வைத்ததும் சிரித்தான். மேஜைக்கு அடியில் குனிந்ததும் உடம்பு குலுங்கச் சிரித்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டதும் இரண்டு கையையும் பறவை மாதிரி அடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு மேடை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கைவசம் இருந்த சரக்கு முழுவதையும் இறக்கினேன். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சிரித்து அலை துள்ளிய ஒவ்வொரு இடத்திலும், தாளில் 'யாரால்' என்ற கட்டத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினேன். 'நான்'. பதினோரு தடவை. என்ன நடந்தது என்ற கட்டத்தில் 'அசைவு' என்று மட்டும் போட்டேன். சிரிக்கவைத்தது நான் என்று ஆனபிறகு சிரிப்பைப் பற்றித் தனியாக எழுதுவானேன்?

மேடம் 'நான்' இடங்களைத் தள்ளிவிட்டுப் படித்தார். அலைகள் வயதுக்குப் பொருந்தாமல் பெரிதாகவும் மெதுவாகவும் இருந்தன. பிரசவம் சிரமமாக இருந்ததென்று செல்வி சொன்னதை வைத்து, பிறக்கும்போது மூளைக்கு ஏதோ பாதிப்பு இருந்திருக்கலாம் என்று எழுதி, வலிப்புக்கு மருந்தும் கைகாலுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து வாங்க வருவார்கள். நடைபாதையின் அந்தக் கோடியில் என்னைக் கண்டதுமே கவின் சிரிப்பான். வீட்டில் போய்ச் சொன்னேன், என் ஜோக்கைப் புரிந்துகொள்ள ஒருவன் இருக்கிறான் என்று. "கடைசியில கிடைச்சானா," என்றாள் என் மனைவி.

ஒரு வருடம் கழித்து இரண்டாவது பதிவு. அன்று காலைதான் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னத்துக்குள் பஞ்சு. வாயைத் திறக்க முடியாது. முகம் நனைந்த கோணி மாதிரி இருந்திருக்கும். லீவு போட்டிருக்கலாம், ஆனால் கவின் வருகிறான் என்று தெரிந்தால் எப்படிப் போடுவது?

வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். குழாயடியில் சிரித்தான். நான் ஒரு வார்த்தை பேசாமல் அளந்தேன், சிரித்தான். பசை தடவினேன், சிரித்தான். வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். அதற்கும் கை தட்டிச் சிரித்தான்.

தாளை எடுத்தேன். பத்து மணி எட்டு நிமிடம். என்ன நடந்தது? சிரித்தான். யாரால்? பேனா அங்கேயே நின்றுவிட்டது. நான் எதுவும் செய்யவில்லையே. 'நோ' என்று எழுதினேன். அடுத்த வரியிலும் 'நோ'. அதற்கடுத்ததிலும். இருபதுக்கு மேல் எண்ணவில்லை. கடைசியில், "சிரிப்பு எதற்கும் நான் காரணம் இல்லை. இன்று வாயே திறக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் மேடம் என் அறைக்கு வந்தார். தாள் அவரிடம் போகும், அவர் தாளிடம் வந்ததில்லை. நேராகப் போய்த் தரையில், கவினுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தண்ணின்னா இவனுக்குப் பிடிக்குமாம்மா?"

"கடலுக்குப் போறவன் புள்ளைக்குத் தண்ணி புடிக்காதா மேடம். வாளிய வச்சா அப்படியே கெடப்பான்."

"தூங்குவானா?"

"எங்க தூங்குறான். ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு எந்திரிச்சி ஒக்காந்து சிரிப்பான்."

மேடம் எழுந்து பழைய தாளைக் கேட்டார். கொடுத்தேன். பச்சைப் பென்சில் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"இந்தப் பதினோரு இடத்துலயும் அவன் சிரிச்சானா?"

"ஆமா மேடம்."

பல் வலியில் நான் குழறியது அவருக்குப் புரிந்தது.

"அப்புறம் ஏன் 'நான்'னு போட்டீங்க?"

"என் ஜோக்குக்குச் சிரிக்கிறான்னு நெனச்சேன் மேடம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அவ்வளவு நல்ல ஜோக்கா?"

அதற்குப் பல்லையே இன்னொரு தடவை பிடுங்கியிருக்கலாம். கதவுவரை போனவர் திரும்பி, "நானும் கேட்டிருக்கணும். சிரிச்ச முகம்னு பாத்துட்டு விட்டுட்டேன்," என்றார். என்னோடு சேர்ந்து தானும் பாதியை எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு மனுஷி.

அவர் சந்தேகப்பட்டது ஏஞ்சல்மன் குறைபாடு. யூ.பி.இ.3ஏ என்ற ஒரு மரபணுவைப் பொறுத்த விஷயம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் ஊர் ஸ்டேஷனில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், கூட்ஸ் வண்டியில் பழுதான வேகனைக் கண்டால் ஒருவர் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போவார். சீட்டைப் பார்த்து வேறு ஆட்கள் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போவார்கள். நம் செல்லுக்குள்ளும் வேலை முடிந்த புரதங்கள் உண்டு. அவற்றின் மேல் யுபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டுகிற ஆள் ஒரு நொதி. அந்த ஆளை உருவாக்கும் குறிப்புதான் இந்த மரபணு. ஆள் வராவிட்டால் மூளைக்குள் யார்டு முழுக்க வேகன் நிற்கும். பேச்சு வராது, வலிப்பு வரும், நடை தடுமாறும். தூக்கம் குறையும், தண்ணீர் என்றால் உயிர், சிரிப்பு மட்டும் தாராளமாக வரும்.

கவினுக்கு ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். ஊசி குத்தியபோது அதற்கும் அவன் சிரித்தான். செல்வி குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சார், இது தெரிஞ்சா நான் இன்னொரு புள்ள பெத்துக்கலாமா வேணாமான்னும் தெரிஞ்சிருமா?"

"ஏம்மா, யாரு வேணாம்னா?"

"நீங்கதான் சார்."

எனக்கு விளங்கவில்லை. "நானா?"

"மொத தடவ வந்தப்ப சொந்தமான்னு கேட்டு 'ச்சு'ன்னீங்கள்ல. போயி அத்தகிட்ட சொன்னேன். ஆஸ்பத்திரியிலயே அப்படி சொல்லிட்டாங்கன்னா இனிமே வேணாம், அதுவும் இப்படியே பொறக்கும்னுட்டாங்க. அவரும் சரின்னுட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

குரலில் கோபமே இல்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள். நான் வருடக்கணக்காக அவிழ்த்துவிட்ட ஜோக்குகளில் ஒன்றைக்கூட யாரும் ஊருக்கு எடுத்துப் போனதில்லை. ஒரு 'ச்சு' மட்டும் இரண்டு பஸ் மாறிக் கடற்கரை வரை போய்ச் சேர்ந்து, ஒரு வருடமாக ஒரு வீட்டில் சட்டமாக இருந்திருக்கிறது.

சில வாரத்தில் முடிவு வந்தது. பதினைந்தாவது குரோமோசோமில், அம்மாவிடமிருந்து வந்த பிரதியில், அந்த மரபணு இருக்கும் துண்டையே காணோம். அன்றே சொல்லிவிடலாமே என்றேன்.

"பாதியைச் சொன்னா மிச்சத்தை வீட்டுல அவங்களே எழுதிக்குவாங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மேடம். என் 'ச்சு'வை நான் ஏற்கெனவே அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

செல்வியின் ரத்தத்தையும் எடுத்து அதே ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவள் குரோமோசோமிலேயே ஏதாவது இடம் மாறியிருந்தால், அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடும். அப்போது என் 'ச்சு' சரியாகிவிடும். என் வாழ்க்கையில் நான் தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த மூன்று வாரம்தான். தபால் பிரிக்கும் இடத்துக்கு நான் நடந்த நடையில் அங்கிருந்த அம்மாள், "என்ன சார், கல்யாணத்துக்குப் பத்திரிகை எதிர்பாக்கிறீங்களா?" என்றாள். முடிவு வந்தது. செல்விக்கு எல்லாம் முழுசாக இருந்தது.

குடும்பத்தோடு வரச் சொன்னோம். வேலு, செல்வி, கவின், வேலுவின் அம்மா. அதாவது செல்வியின் அத்தை. மேடம் மேஜையைச் சுற்றி வந்து அவர்களோடு உட்கார்ந்தார். வேலுவைப் பார்த்துப் பேசினார்.

"உங்க படகுல ரெண்டு எஞ்சின் இருக்குன்னு வச்சுக்குங்க. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. மூளையில மட்டும் அப்பா குடுத்த எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வச்சிருக்கும். உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். அம்மா எஞ்சின்தான் ஓடும். இவனுக்கு அந்த ஓடுற எஞ்சின் இல்லாம போச்சு."

செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன்னுது அங்கயும் தூங்குதாம்."

வேலு அதைக் கவனிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்ப அந்த மூடிக் கெடக்குற எஞ்சின் நல்லாத்தான இருக்கு மேடம்? தார்ப்பாய எடுத்துட்டு அத ஸ்டார்ட் பண்ண முடியாதா?"

மேடத்தின் பென்சில் நின்றது. "உலகத்துல இதைப் படிக்கிறவங்க எல்லாரும் அதைத்தான் முயற்சி பண்ணிட்டு இருக்காங்க. இன்னும் முடியலை. ஆனா சரியான கேள்வி."

அத்தை அதுவரை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அம்மா எஞ்சின்னா, இவ வழியில வந்த கோளாறுதான?"

எங்கள் பக்கத்துச் சொந்தக் கல்யாணத்தில் ஒரு சௌகரியம். மருமகளின் வம்சத்தைக் குறை சொன்னால் அது நேராகத் தன் அண்ணன் வீட்டில் போய் விழும். சொல்லி முடித்த பிறகுதான் அத்தைக்கு அது உறைத்தது போலிருந்தது. தலைப்பை விட்டுவிட்டார்.

"இவ ரத்தத்தையும் பாத்தாச்சும்மா. ஒரு குறையும் இல்லை," என்றார் மேடம். "கரு உண்டாகுறதுக்கு முன்னாடியே, அந்த ஒரு முட்டையில மட்டும் தற்செயலா நடந்தது. யாரும் குடுத்ததும் இல்லை, யாரும் செஞ்சதும் இல்லை."

"சொந்தத்துல கட்டினது?"

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த பிள்ளைக்கு வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு."

கவின் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேடத்திடம் கண்ணால் அனுமதி கேட்டுக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்கு நான் 'ச்சு'ன்னது தப்பும்மா. ஒண்ணும் தெரியாம பண்ணினது."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டாக்டரு இல்லியா?"

"இல்லம்மா. வயர் ஒட்டுறவன்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா?"

இதைவிடச் சுருக்கமாக என்னை யாரும் விசாரித்து முடித்ததில்லை.

அவர்கள் போன பிறகு மேடத்திடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, இருந்தாலும் மனம் கேட்கவில்லை. "அப்ப அவன் சிரிச்சது பூரா நோய்தானா மேடம்?"

மேடம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "சிரிப்பு சுலபமா வரும், அவ்வளவுதான். ஆனா இந்தப் பிள்ளைங்க சுவரைப் பாத்துச் சிரிக்கிறதைவிட ஆளைப் பாத்துத்தான் அதிகமா சிரிக்கும். நீங்க சுவரைவிட மேல்."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் சட்டம் போட்டு மாட்டலாம் என்றால் அதைத்தான் மாட்டுவேன்.

இரண்டு வருடத்தில் செல்விக்குப் பெண் பிறந்தது. இனியா என்று பெயர் வைத்தார்கள். கைக்குழந்தையாக ஒருமுறை வந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு வரும்போதெல்லாம் அத்தையிடம் விட்டுவிட்டு வந்துவிடுவாள் செல்வி.

நான் ஓய்வு பெறும் வாரம் கவினுக்கு ஒரு பதிவு இருந்தது. எட்டு வயதாகிவிட்டது அவனுக்கு. பேச்சு இல்லை, ஆனால் படம் போட்ட அட்டைகளைக் காட்டி வேண்டியதைக் கேட்பான். குழாய்ப் படத்தைத்தான் முதலில் காட்டினான். அன்று இனியாவும் வந்திருந்தாள். இரண்டரை வயது. அண்ணன் முதலில் வந்தபோது இருந்த அதே வயது. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, என் வேலையைக் கண்காணித்தாள்.

கடைசித் தடவை என்பதால் நான் குறை வைக்கவில்லை. டேப்பை எடுத்தேன். மூக்கைக் காணோம் என்று அலறினேன். மேஜைக்கு அடியில் தேடினேன். முட்டி பிடித்துக்கொண்டது, அதையும் சேர்த்துத் தேடினேன். வயரை எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். கவின் கையை அடித்துக்கொண்டு சிரித்தான். இனியா முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அண்ணன் மூக்கு அங்கயேதான இருக்கு. இந்தத் தாத்தாக்குக் கண்ணு தெரியாதா?"

ஆறு வருடம் அந்தச் சுவரோரம் நின்றவள் செல்வி. என் ஒரு ஜோக்குக்கும் உதட்டைப் பிரித்ததில்லை. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்துக் கவின் இன்னும் சிரித்தான். இருபத்தொரு வயரும் ஆடின. இனியா மட்டும், இந்த வீட்டில் ஒருத்திக்காவது நிதானம் வேண்டாமா என்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நசீமா, அதே ஃபைலில் கடைசித் தாளைப் பார். நோயாளியைப் பற்றி மட்டும்தான் எழுதவேண்டும் என்ற விதியை நான் மீறிய ஒரே வரி அடியில் இருக்கும். பக்கத்தில் பச்சைப் பென்சிலில் மேடம் போட்ட டிக் இருக்கும். பதினோரு 'நான்' இருக்கிற தாளைத் தாராளமாகக் கிழித்துப் போடு. இதை மட்டும் எனக்கு அனுப்பிவிடு.

"11.40. அம்மா சிரித்தார். யாரால்: நான் இல்லை."